கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீங்க... தூத்துக்குடி வெள்ளமும் உப்புக்காற்றும் சொல்லும் பாடம்!

காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினால்... சத்தமே இல்லை. ஃபேன் சுற்றவில்லை. லைட் எரியவில்லை. உள்ளே மூன்று வருஷத்துக் கணக்கு இருக்கிறது. ஜிஎஸ்டி தாக்கலுக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். பட்டனை இன்னும் அழுத்தமாக, இன்னும் நாலு தடவை அழுத்துவது!

பவர் கார்டு கழன்றிருந்தால் இதனால் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் உள்ளே ஈரமோ ஷார்ட்டோ இருந்தால், அந்த ஒரு அழுத்தல்தான் சரிசெய்யக்கூடிய கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும். சில நேரம் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் தகவலையும் சேர்த்தே கொண்டுபோய்விடும்.

அப்படியானால் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? எதை வீட்டிலேயே பார்க்கலாம்? எதைத் தொடவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

தூத்துக்குடியில் நடந்தது என்ன?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தூத்துக்குடி மாவட்ட மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் - சென்னை ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டனர். தூத்துக்குடி நகருக்குள்ளும் வீடு, கடை, அலுவலகம் என்று தண்ணீர் புகுந்தது. தாழ்வான சில பகுதிகளில் நாட்கணக்கில் வடியவில்லை.

வெள்ளம் வந்தால் முதலில் நனைவது தரையில் இருக்கும் பொருட்கள். பெரும்பாலான வீடுகளிலும் கடைகளிலும் கம்ப்யூட்டரின் பெட்டி, அதாவது நாம் 'சிபியு' என்று சொல்லும் கேபினட், மேஜைக்குக் கீழே தரையில்தான் இருக்கும். யுபிஎஸ் அதற்கும் பக்கத்தில். மானிட்டர் மேலே பத்திரமாக இருக்க, தகவல் இருக்கும் பெட்டி தண்ணீருக்குள்!

வெள்ளம் எப்போதாவது வருவது. ஆனால் முத்து நகரில் தினமும் வரும் இன்னொரு விருந்தாளி உண்டு. அது உப்புக்காற்று. வெள்ளம் ஒரே இரவில் செய்வதை, உப்புக்காற்று இரண்டு மூன்று வருஷத்தில் சத்தமில்லாமல் செய்துவிடும்.

முதல் கேள்வி: நனைந்ததா, இல்லையா?

ஆன் ஆகாத கம்ப்யூட்டர் முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். வெள்ளத்தில் மூழ்கியது, கூரை ஒழுகியது, டம்ளர் கவிழ்ந்தது... இதில் எது நடந்திருந்தாலும் பிளக்கைச் செருகவே கூடாது. "காய்ஞ்சிருக்கும், ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற சோதனைதான் அதிக சேதத்துக்குக் காரணம். நனைந்த கம்ப்யூட்டருக்கு என்ன செய்வது என்பதைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

நனையவில்லை என்பது உறுதியா? அப்படியானால் அடுத்த கேள்வி: 'ஆன் ஆகவில்லை' என்றால் என்ன?

1. ஃபேனும் சுற்றவில்லை, லைட்டும் இல்லை. முழு அமைதி. இது பெரும்பாலும் கரண்ட் வரும் வழியில் உள்ள பிரச்சினை.

2. ஒரு நொடி ஃபேன் சுற்றி நின்றுவிடுகிறது. எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது எஸ்எம்பிஎஸ் சுமை தாங்கவில்லை.

3. ஃபேன் ஓடுகிறது, ஆனால் திரையில் எதுவும் வரவில்லை. இங்கே கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிட்டது. ராம், டிஸ்ப்ளே கார்டு அல்லது மானிட்டர் கேபிள் பக்கம் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் போன் செய்யும்போது "ஓடலை" என்று மட்டும் சொல்லாமல், இந்த மூன்றில் எது என்று சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கேபினட்டைத் திறக்காமலே பார்க்க வேண்டியவை

சுவர் பிளக்: அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தால் போதும். சார்ஜ் ஏறினால் அங்கே கரண்ட் இருக்கிறது.

யுபிஎஸ்: ஆன் ஆகாத கம்ப்யூட்டர்களில் பல உண்மையில் நன்றாகவே இருக்கும். போனது யுபிஎஸ் பேட்டரியாக இருக்கும். யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் தவிர்த்துவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் செலவு பேட்டரியோடு முடிந்தது.

பவர் கார்டு: மானிட்டருக்கும் சிபியுவுக்கும் பல நேரம் ஒரே மாதிரி கார்டுதான். மானிட்டர் கார்டைக் கழற்றி சிபியுவில் மாட்டிப் பார்க்கலாம். பின்பக்கம் சரியாக அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். எலி கடித்த தடம் இருந்தால் அந்தக் கார்டை அப்போதே தூக்கிப் போடவும்.

பின்பக்க ஸ்விட்ச்: பவர் கார்டு நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கும். கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். பெருக்கும்போதோ நகர்த்தும்போதோ அது ஆஃப் ஆகியிருக்கலாம். பழைய மாடல்களில் 115 - 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்சும் இருக்கும். இந்தியாவில் அது எப்போதும் 230-ல்தான் இருக்க வேண்டும். மாற்றினால் எஸ்எம்பிஎஸ் வெடிக்கும்.

30 நொடி வைத்தியம்: இடி மின்னலுக்குப் பிறகோ, வோல்டேஜ் ஏறி இறங்கிய பிறகோ சில எஸ்எம்பிஎஸ்கள் தன்னைக் காத்துக்கொள்ள பூட்டிக்கொள்ளும். பவர் கார்டை முழுவதும் கழற்றிவிட்டு, முன்பக்க பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தங்கிய மின்சாரம் வடியும். சில நிமிடம் கழித்து மாட்டினால் பல நேரம் உயிர் வந்துவிடும். காசு செலவில்லாத வைத்தியம் இது.

பென்டிரைவ், பிரின்டர்: வெளியே மாட்டியிருக்கும் எல்லா யுஎஸ்பி கருவிகளையும் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்க்க வேண்டும். உப்பு பூத்து ஷார்ட் ஆன ஒரு யுஎஸ்பி பாயின்ட் மொத்த கம்ப்யூட்டரையும் நிறுத்தி வைக்கும்.

திறந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

பவர் கார்டைக் கழற்றிய பிறகே கேபினட்டைத் திறக்க வேண்டும். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டால், உடம்பில் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் அதில் இறங்கிவிடும்.

மூக்குக்கும் கண்ணுக்கும்தான் முதல் வேலை. கருகிய வாடை வருகிறதா? மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா? செம்பு தெரியும் இடங்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா? முன்பக்க யுஎஸ்பி, ஸ்குரூ தலைகளில் துரு இருக்கிறதா? இவைதான் கடலோரக் கம்ப்யூட்டரின் நோய் அறிகுறிகள்.

பிறகு வருவது ராம். அதைக் கழற்றி, தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதாமல் சுத்தமான துணியால் தட்டிவிட்டு மாட்ட வேண்டும். ஊதினால் எச்சில் ஈரம் படும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பார்க்கலாம். இது மூன்றாவது வகைப் பிரச்சினைக்கு, அதாவது ஃபேன் ஓடியும் திரை வராததற்கு, அடிக்கடி பலன் தரும் வழி.

மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட். அது தீர்ந்தால் பெரும்பாலும் தேதி, நேரம்தான் தவறும். ஆனால் சில பழைய போர்டுகள் ஆன் ஆகவே அடம்பிடிக்கும். சில பத்து ரூபாயில் முடியும் சோதனை என்பதால் விட்டுவிட வேண்டாம்.

பட்டனே போயிருந்தால்?

கடலோரத்தில் இது சாதாரணமாக நடக்கும். கேபினட்டின் முன்பக்க பட்டனுக்குள் இருப்பது சின்ன ஸ்விட்ச். உப்புக்காற்றில் அதன் உள்பக்கம் அரித்துப் போனால், எத்தனை அழுத்தினாலும் மதர்போர்டுக்குத் தகவல் போகாது. எஸ்எம்பிஎஸ், போர்டு எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் செத்த மாதிரி கிடக்கும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பவர் பட்டனிலிருந்து வரும் இரட்டை வயரை மதர்போர்டில் இருந்து கழற்றிவிட்டு, அதே இடத்தில் ரீசெட் பட்டனின் வயரை மாட்ட வேண்டும். இனி ரீசெட் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும். இரண்டும் ஒரே மாதிரி ஸ்விட்ச்தான். புது ஸ்விட்ச் வாங்கும் வரை வேலை நிற்காது.

எஸ்எம்பிஎஸ்: எது வரை போகலாம்?

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவதுதான் எஸ்எம்பிஎஸ். இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில் வேலை செய்கின்றன. இதில் ஒரு விஷயம் முக்கியம். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதும் எழுந்திருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே 'ஆஃப்' என்பது வேறு, 'கரண்ட் இல்லை' என்பது வேறு. வெள்ளத்தில் ஆஃப் ஆகியிருந்த கம்ப்யூட்டர்களும் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெக்கானிக்குகள் எஸ்எம்பிஎஸ்ஸை மதர்போர்டில் இருந்து முழுவதும் கழற்றிவிட்டு, 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் இணைத்துப் பார்ப்பார்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது மட்டும் போதாது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் என்பது 11.4 முதல் 12.6-க்குள்ளும், 5 வோல்ட் என்பது 4.75 முதல் 5.25-க்குள்ளும் இருக்க வேண்டும். சில நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும், வயர்கள் எல்லாம் ஒரே நிறத்தில் வரும். பழக்கமில்லாதவர்கள் இந்தச் சோதனையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் பிரிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேல் மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கும். கை பட்டால் உயிருக்கே ஆபத்து.

உப்புக்காற்று அப்படி என்ன செய்யும்?

உப்பு விளையும் ஊருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் நீர் விடுவதைப் பார்க்காதவர்கள் இல்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். காற்று ஓரளவு வறண்டிருந்தாலும் அது ஈரம் இழுக்கும்.

கம்ப்யூட்டர் ஃபேன் நாள் முழுக்க வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு வரும் உப்புத் துகளும் தூசியும் போர்டில் படிகிறது. ராத்திரி கம்ப்யூட்டர் அணைந்து குளிர்ந்ததும், அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தண்ணீர்ப் படலமாகிறது. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் அதிகம் பாயாது. உப்புத் தண்ணீரில் நன்றாகவே பாயும். மதர்போர்டில் எப்போதும் இருக்கும் அந்த 5 வோல்ட், செம்புக் கோடுகளை மெல்ல மெல்ல அரிக்க இது போதும்.

"நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு, காலையில ஓடலை" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். நின்றது ஒரு ராத்திரியில் என்றாலும், அரித்தது பல மாதமாக.

நனைந்த கம்ப்யூட்டருக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் உயிர், பிறகுதான் கம்ப்யூட்டர். வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது பிளக், யுபிஎஸ், இன்வெர்ட்டர் எதையும் தொடக் கூடாது. மெயின் ஸ்விட்ச் நனையாத இடத்தில் இருந்து, காய்ந்த தரையில் நின்று அணைக்க முடிந்தால் மட்டும் அணைக்க வேண்டும். முடியாவிட்டால் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். ஊரில் கரண்ட் இல்லை என்றாலும் இன்வெர்ட்டரிலும் யுபிஎஸ்ஸிலும் பேட்டரி இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பேட்டரியால் வீட்டு பிளக்குகளில் கரண்ட் இருக்கலாம்.

தண்ணீர் வடிந்த பிறகு:

1. எதையும் துடைக்கும் முன் போட்டோ எடுக்க வேண்டும். தண்ணீர் நின்ற அளவு, கேபினட், சீரியல் எண் எல்லாம் தெரிய வேண்டும். கடைக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இது தேவைப்படும்.

2. முதலில் கழற்ற வேண்டியது ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டரை வாங்கலாம், கணக்கையும் கல்யாண போட்டோவையும் வாங்க முடியாது.

3. மூழ்கிய ஹார்ட் டிஸ்க்கை வெயிலில் காயவைக்கவோ, ஹேர் டிரையர் காட்டவோ, வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கவோ கூடாது. பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர சின்ன ஓட்டை இருக்கும். அதன் வழியே சேறும் உப்பும் உள்ளே போயிருந்தால், காய்ந்ததும் தட்டில் ஒட்டிப் பிடிக்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, தகவல் மீட்கும் நிபுணரிடம் கொடுப்பதே சரி.

4. எஸ்எஸ்டி என்றால் கொஞ்சம் நிம்மதி. அதில் சுற்றும் பாகம் இல்லை. சுத்தம் செய்து முழுவதும் காய்ந்த பிறகு தகவல் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

5. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை உடனே எடுத்துவிட வேண்டும். அந்த 3 வோல்ட் கூட ஈரத்தில் அரிப்பை வேகப்படுத்தும்.

6. வெள்ளத் தண்ணீரில் சேறு, சாக்கடை, உப்பு எல்லாம் கலந்திருக்கும். அதை அப்படியே காயவிட்டால் உப்பு உள்ளேயே தங்கும். அதனால் சர்வீஸ் கடைகளில் போர்டை டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாளாவது காயவைப்பார்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பலன் இல்லை.

7. மூழ்கிய எஸ்எம்பிஎஸ்ஸையும் யுபிஎஸ்ஸையும் காப்பாற்ற நினைக்க வேண்டாம். புதிது வாங்குவதே பாதுகாப்பு.

"எல்லாம் போச்சு" என்று அவசரப்பட்டு ஹார்ட் டிஸ்க்கைக் குப்பையில் போடவும் வேண்டாம். 2003-ல் கல்பனா சாவ்லா பயணித்த கொலம்பியா விண்கலம் சிதறி விழுந்தபோது, அதில் இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் கருகிய நிலையில் கிடைத்தது. அதிலிருந்தே சுமார் 99 சதவீதத் தகவல் மீட்கப்பட்டது. தூத்துக்குடி வெள்ளத்தில் நனைந்த டிஸ்க், அதைவிட நல்ல நிலையில்தான் இருக்கும். ஒரே நிபந்தனை, நனைந்த பிறகு அதற்குக் கரண்ட் கொடுத்திருக்கக் கூடாது.

இனி என்ன முன்னெச்சரிக்கை?

கேபினட்டைத் தரையில் வைக்காமல், குறைந்தது முழங்கால் உயரத்துக்காவது ஏற்றி வைக்க வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்கக் கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே படிந்த தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். தூசிதான் உப்புக்கு மெத்தை.

மாதக்கணக்கில் ஆன் செய்யாமல் வைக்கக் கூடாது. வாரத்தில் இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓடினால், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். உப்பு மண்ணில் எர்த் கம்பியும் அரிக்கும்.

இடி மின்னல் நேரத்திலும், கனமழை எச்சரிக்கை வந்தாலும் ஷட்டவுன் செய்தால் மட்டும் போதாது. பிளக்கையே கழற்ற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தகவலுக்குக் குறைந்தது இரண்டு நகல் வேண்டும். ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று ஆன்லைனில். அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் அதே மேஜையின் கீழ் டிராயரில் இருந்தால் பயனில்லை. வெள்ளம் இரண்டையும் சேர்த்தே நனைக்கும். கடைக் கணக்கின் நகல் வீட்டிலும், வீட்டு போட்டோக்களின் நகல் வெளியூர் உறவினர் வீட்டிலும் இருக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

நனைந்திருந்தால் பிளக்கைச் செருகாதீங்க. நனையவில்லை என்றால் சுவர் பிளக், யுபிஎஸ், கார்டு, பின்பக்க ஸ்விட்ச், 30 நொடி வைத்தியம் என்ற வரிசையில் பாருங்க. பிறகு ராம், பட்டன். எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரிக்காதீங்க. தகவல் முக்கியம் என்றால் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேசிவிட்டுக் கொடுங்க.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு அக்டோபரிலும் வரும். உப்புக்காற்று தினமும் வரும். மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டியை இன்றைக்கே ஒரு அடி மேலே தூக்கி வைக்க ஐந்து நிமிடம் போதும்.